லேப்ராஸ்கோப்பி சிமுலேட்டர் பயிற்சி: கணக்கு மணி நேரத்தில் அல்ல, தேர்ச்சியில்

பித்தப்பை அகற்றும் லேப்ராஸ்கோப்பிக்கு (சிறு துளைகள் வழியே கேமராவில் பார்த்துச் செய்யும் அறுவை) புதியவரைத் தயார்படுத்த விஆர் (மெய்நிகர்) சிமுலேட்டர் உதவும் என்பதற்குச் சான்று உண்டு. 2002-இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில் 16 பயிற்சி மருத்துவர்கள் பங்கேற்றனர். சிமுலேட்டரில் பழகியவர்கள் பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து 29% வேகமாகப் பிரித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பிருந்தது. பழகியவர்கள் நிபுணர் அளவை எட்டும்வரை பயிற்சியை அங்கே முடிக்க விடவில்லை, முக்கியமே அதுதான்.

ஆகவே முதல் வேலை, அளவுகோல். அனுபவமுள்ள மூன்று நான்கு சர்ஜன்களை ஒவ்வொரு பயிற்சியையும் பலமுறை செய்யச் சொல்லி, நேரம், கருவி நகர்ந்த தூரம், பிழைகள் மூன்றுக்கும் சராசரி எடுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை அதைத் தொட்டால்தான் தேர்ச்சி. நேரத்தை மட்டும் பார்த்தால் அவசரக் கைதான் பழகும்.

கைப்பிடிகள் முழங்கை மட்டத்திலோ சற்றுக் கீழோ, திரை நேர் எதிரே கண்மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக. தோள் தூக்கி நின்றால் கை சீக்கிரம் நடுங்கும்.

தொடக்கம் கேமராவில். முனை சாய்ந்த 30 டிகிரி ஸ்கோப்பில் (வயிற்றுக்குள் விடும் கேமராக் குழல்) ஒளிக் கேபிள் மேலே இருந்தால் பார்வை கீழே போகும். இது புரியாதவர் திரையில் தெரியும் காட்சியையே சாய்த்துவிடுவார். அடுத்து பொருள் இடமாற்றல். டிரோகார் (வயிற்றுச் சுவரில் கருவி நுழையும் குழாய்) வழியே கையை வலப்புறம் அசைத்தால் முனை இடப்புறம் போகும் என்பதால் ஆரம்பத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள். இடது கைக்குத் தனி மதிப்பெண் வையுங்கள், இல்லாவிட்டால் அது சும்மா பிடித்துக்கொண்டே நிற்கும். டயதெர்மியில் (மின்சாரத்தால் திசுவைச் சுட்டு வெட்டுவது), முனை திரையில் தெரியாமல் பெடலை மிதித்தால் அந்த முயற்சியே செல்லாது.

முழு அறுவையில் நாளத்தை அடைக்கும் கிளிப் போடுமுன் நிறுத்தி, மூன்றையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: பித்தப்பை நாளம், பொதுக் கல்லீரல் நாளம், கல்லீரல் விளிம்பு சூழ்ந்த முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீங்கியதா, பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலிலிருந்து பிரிந்ததா, பித்தப்பைக்குள் நுழைவது இரண்டே குழாய்கள்தானா. பொதுப் பித்தநாளத்தைப் பித்தப்பை நாளம் என்று நினைத்து வெட்டுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. மூன்றில் ஒன்றுக்குத் தயங்கினாலும் கிளிப் கிடையாது.

திசுவை இழுக்கும்போது கையில் படும் எதிர்விசையைப் பல சிமுலேட்டர்கள் சரியாகத் தருவதில்லை. தையலை அதில் கற்பிக்க வேண்டாம். பாக்ஸ் டிரெய்னரில் (உண்மைக் கருவிகளை விட்டுப் பழகும் பெட்டி) 15 செ.மீ. பட்டு நூல் கொடுத்து, முதல் முடிச்சு இரட்டைச் சுற்று, பிறகு இரண்டு ஒற்றைச் சுற்று என்று பழக்குங்கள்.

ஒரே நாளில் நாலு மணி நேரம் உட்காரவைப்பதைவிட, நாட்களைப் பிரித்து ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் கொடுங்கள். சில மாதம் இடைவெளி விழுந்தவர் தியேட்டருக்குள் போகுமுன் அதே அளவுகோலை மறுபடி எட்டிக் காட்டட்டும்.