கலஞ்சோ மறுபடி பூக்க மறுப்பது ஏன்?

கொத்துக் கொத்தாகப் பூத்திருந்த கலஞ்சோ, பூ உதிர்ந்தபின் வெறும் இலையாகவே நிற்கிறதா? சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தைக் கூட்டாதீர்கள். தழைச்சத்து அதிகமானால் இலைதான் பெருகும்.

மடகாஸ்கரைச் சேர்ந்த இந்தச் செடி மொட்டு வைப்பதை முடிவு செய்வது இரவின் நீளம். தினமும் சுமார் 14 மணி நேரம் இடையில் வெளிச்சமே படாத இருட்டு, தொடர்ந்து ஆறு வாரம் வேண்டும். கூடத்தில் இரவு பத்து மணி வரை எரியும் விளக்கு போதும், கணக்கு கெட்டுவிடும். வாடிய பூத்தண்டுகளை முதலில் நறுக்குங்கள். மாலை 5 மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை 7 மணிக்கு எடுங்கள். இடையில் திறந்து பார்க்கக் கூடாது. பகலில் ஜன்னலோர வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கட்டும். இருட்டு வேண்டும் என்பதற்காக நாள் முழுக்க மூலையில் வைப்பதும் தவறுதான். மொட்டு கண்ணில் பட்டதும் பெட்டி தேவையில்லை. அது விரிய இன்னும் சில வாரம் ஆகும்.

பூக்காத செடியாவது உயிரோடு இருக்கும். தண்ணீரில் செய்யும் தவறு செடியையே கொன்றுவிடும். தடித்த இலைகள் நீரைச் சேமித்து வைத்திருப்பதால் தினமும் ஊற்றத் தேவையே இல்லை. மேல்மண் 2 முதல் 3 செ.மீ. ஆழத்துக்குக் காய்ந்தபின், அடித்துளையில் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தொட்டியைச் சுற்றி வரும் பளபளப்புக் காகிதத்தைக் கழற்றிவிடுவது நல்லது. தண்ணீர் அதற்குள்தான் யாருக்கும் தெரியாமல் நிற்கும். வேர் அழுகினால் நீரை உறிஞ்ச முடியாமல் இலை துவளும். அதைத் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றுவார்கள், கதை முடிந்தது. ஈர மண்ணில் இலை துவண்டால் அடித்தண்டைத் தொட்டுப் பாருங்கள். கறுத்துக் கொழகொழவென்று இருந்தால், மேலே அழுகாத நுனியை 8 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவைத்து, புது மண்ணில் நடுங்கள்.

மண்கலவையில் பாதி பெர்லைட்டோ (நீர் வடிய உதவும் இலேசான வெள்ளைத் துகள்) பருமணலோ இருக்கட்டும். தொட்டி மாற்றும்போது 2 அல்லது 3 செ.மீ. அகலம் கூடினால் போதும். பெரிய தொட்டியில் மண் காயவே காயாது. இலைமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் நோய் வரும். மாவுப்பூச்சி தென்பட்டால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தெடுங்கள்.

பூனையோ நாயோ வளர்ப்பவர்கள் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். இதில் இதயத்தைத் தாக்கும் நச்சு உண்டு, குறிப்பாகப் பூவில்.