பழைய கணக்குப் புத்தகத்திலிருந்து மளிகைக்கடையின் வரலாறு: நீலகிரிக் கடைக்காரர்களுக்கு

மூன்று தலைமுறை கண்ட கடைகளில் போர்டில் கடை தொடங்கியதாக ஒரு வருடம் இருக்கும், வீட்டுப் பெரியவர்கள் வேறொன்று சொல்வார்கள். அதனால் அவர்களிடம் கடைசியில் போங்கள். முதலில் பரணிலிருந்து பேரேடு, சிட்டை (அன்றாடக் கணக்கு), பற்று நோட்டு (கடன் கணக்கு) எல்லாவற்றையும் இறக்குங்கள்.

இறக்க ஏற்றது ஜனவரி முதல் மார்ச் வரை. கூடலூரில் ஆடி மழையும் குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி மழையும் தாளில் ஈரமேற்றிவிடும். ஒட்டிக்கொண்ட தாளை இழுத்துப் பிரித்தால் எழுத்து எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். நோட்டை விரித்து நிழலில் நிறுத்தி, நடுநடுவே அச்சில்லாத வெள்ளைத்தாள் செருகித் தினமும் மாற்றுங்கள். வெயிலும் கணப்பும் ஆகவே ஆகாது. தாள் முறுகி ஓரம் உதிரும். பூசணம் பிடித்த நோட்டை வெளியில் வைத்து, காய்ந்தபின் முகக்கவசம் அணிந்து மெல்லிய பிரஷால் தட்டுங்கள். ஈரத்துணி பட்டால் மை கலையும். பிறகு சன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், அட்டை முதல் அட்டை வரை படமெடுங்கள்.

பெரும்பாலோர் வழுக்குவது காலக்கணிப்பில்தான். 'நந்தன ௵ தை ௴' (௵ வருடம், ௴ மாதம்) என்று எழுதியிருந்தால் அது 1953 ஜனவரி–பிப்ரவரி, 1952 அல்ல. தமிழ் வருடம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருடத்தில் விழும். பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்புவதால் அதே தை 1893 ஆகவும் இருக்கலாம். இங்கே சரக்குக் கூலி கைகொடுக்கும்: குன்னூருக்கு ரயில் வந்தது 1899, ஊட்டிக்கு 1908. குன்னூர் அல்லது ஊட்டி வரை ரயில் கூலி எழுதியிருந்தால் 1893 அடிபட்டுப் போகும்.

அணா, பைசாவில் கணக்கு இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. கிராமத்துக் கணக்குகளில் அணா பிறகும் நீடிக்கும், எனவே அதை மட்டும் நம்பாதீர்கள். 'ந.பை.' (நயா பைசா) என்றால் அதற்குப் பிந்தியது. பழைய எடைகளான வீசையும் பலமும் 1958-க்குப் பிறகு மெல்லக் கிலோவுக்கு மாறின. 40 பலம் ஒரு வீசை, ஏறக்குறைய 1.4 கிலோ. பில் புத்தகத்தில் பின்கோடு அச்சாகியிருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது.

குறிகளில் ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். ௰௨ என்றால் 12. ௸ வரும் இடத்தில் மேலே என்ன பெயர் என்று பார்க்காமல் நகலெடுத்தால், ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் ஏறிவிடும்.

கடையின் உண்மையான கதை பற்று நோட்டில் இருக்கிறது. வரவுகள் எந்தத் தேதிகளில் குவிகின்றன என்று பாருங்கள், எஸ்டேட் சம்பள நாள் தெரியும். இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழர்களைத் திருப்பி அழைத்துக்கொள்வது பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிந்திய நோட்டுகளில் புதுப்பெயர்களைத் தனியாகக் குறியுங்கள். இலங்கையிலிருந்து வந்து தோட்டங்களில் குடியேறியவர்களாக இருக்கலாம்.

கட்டடத்துக்குப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று (சொத்தின் பத்திரப்பதிவுகளின் பட்டியல்) போடுங்கள். ஆனால் பத்திர வருடம் கடை தொடங்கிய வருடமல்ல; வாடகைக் கடையாக அதற்கு முன்பே ஓடியிருக்கலாம்.

இனிப் பெரியவர்களிடம் போகலாம். 'எப்போது தொடங்கினீர்கள்' என்று கேட்காமல், ஒரு பக்கத்தைக் காட்டி 'இந்தக் கையெழுத்து யாருடையது, இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது' என்று கேளுங்கள். வெளியிடும்போது கடன்காரர் பெயர்களை மறைத்துவிடுங்கள். பேரன்கள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள்.