ராஸ்பெர்ரி பை இன்டர்காம்: அரங்கம் நிறைந்த பிறகு தெரியவரும் தவறுகள்

மார்கழி நெருங்கினால் சென்னையில் ஏதாவது ஒரு நாடகக் குழு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை வைத்து, மேடைக்குப் பின்னால் வேலை செய்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஹெட்செட் இன்டர்காம் செய்ய ஆரம்பித்துவிடுகிறது. நல்ல விஷயம். ஒரு ராஸ்பெர்ரி பையில் மம்பிள் என்ற குரல் மென்பொருளின் சர்வர், ஆளுக்கொன்றாக இடுப்பில் மாட்டும் மற்ற பைகளில் அதன் கிளையன்ட், ரிச்சி தெருவில் வாங்கிய யூஎஸ்பி சவுண்ட் கார்டு, பேசுவதற்கு ஒரு பட்டன். அவ்வளவுதான். ஒயரை மாற்றிச் சொருகுவது போன்ற தவறுகளை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

காலி அரங்கில் சோதித்துவிட்டு நம்புவது

மயிலாப்பூர் பக்கம் ஒரு சபாவில் இளைஞர் குழு ஒன்று பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சிறிய மாடலை வைத்து அழகாகச் செய்திருந்தது. மதிய ஒத்திகையில் குரல் கணீரென்று கேட்டது. மாலையில் கூட்டம் உட்கார்ந்ததும் வார்த்தைகள் பாதி பாதியாக வந்தன. விளக்கை அணைக்கச் சொன்னது லைட் போர்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. நாயகன் சாகும் காட்சி முழு வெளிச்சத்தில் முடிந்தது. மறுநாள் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? மம்பிளை அழித்து மறுபடி நிறுவினார்கள், புது ஹெட்செட்டுகள் வாங்கினார்கள். கையிலிருந்த கொஞ்சக் காசும் அதில் போயிற்று. இதை எங்கே பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் கோளாறு பெட்டியில் இல்லை, காற்றில் இருக்கிறது.

பை ஜீரோ வகைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் உண்டு. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. பார்வையாளர்களின் போன், புளூடூத் வாட்ச், ஹாட்ஸ்பாட், கேண்டீன் மைக்ரோவேவ் எல்லாம் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. குரலுக்கு வேகம் அதிகம் வேண்டாம், நொடிக்கு 40 கிலோபிட் இருந்தாலே, குரலைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் கோடெக் தெளிவாகப் பேசும். ஆனால் குரலின் ஒவ்வொரு துண்டும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் ஸ்பீட் டெஸ்ட் எடுத்துப் பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை.

சரி, என்ன செய்வது? 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் உள்ள பை 3ஏ பிளஸ், 3பி பிளஸ் அல்லது பை 4 வாங்குங்கள். சபாவின் வைஃபையில் தொற்றாமல் சொந்த ரூட்டர் வையுங்கள். சேனலை ஆட்டோவில் விடாமல் 36 முதல் 48 வரையில் ஒன்றில் நிறுத்துங்கள். 52 முதல் 144 வரை உள்ளவை ராடாருடன் பகிரும் சேனல்கள். ராடார் தென்பட்டதாக ரூட்டர் நினைத்தால் நாடகத்தின் நடுவிலேயே சேனலை விட்டு விலகிவிடும். மனித உடம்பும் அலையை உறிஞ்சும், ஆகவே ரூட்டரை மேசையில் வைக்காமல் தலைகளுக்கு மேலே, விளக்குகளைத் தொங்கவிடும் லைட் பாரில் கட்டுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறும். ஒப்பனை அறைக்குக் கேபிள் இழுத்து வைஃபை பரப்பும் இன்னொரு பெட்டி (ஆக்சஸ் பாயின்ட்) வைத்தால்தான் சரிவரும்.

அப்புறம், நண்பர்களை போனோடு அழைத்து வந்து நாற்காலிகளில் உட்கார வைத்துச் சோதியுங்கள்.

புளூடூத் ஹெட்செட்

வேண்டாம். அதுவும் அதே 2.4இல்தான் ஓடுகிறது.

வைஃபை பவர் சேவ்

ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் இது பெரும்பாலும் ஆன் ஆகியே இருக்கும். ரேடியோ அவ்வப்போது கண்ணயர்வதால் குரல் தாமதமாக வரும். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் தானாக ஆஃப் ஆகும்படி எழுதிவையுங்கள்.

மெல்லிய சார்ஜிங் கேபிள்

மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை திரையில் மின்னல் சின்னம் காட்டி எச்சரிக்கும். இடுப்பில் தொங்கும் பெட்டிக்குத் திரை ஏது? குட்டையான, தடித்த கேபிளாகப் பார்த்து வாங்குங்கள்.

ஷட்டவுன் செய்யாமல் பிடுங்குவது

நாடகம் முடிந்த அவசரத்தில் எல்லோரும் பிடுங்கத்தான் செய்வார்கள். கார்டில் எதையும் எழுதவிடாத ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை ஆன் செய்துவிட்டால் எஸ்டி கார்டு பிழைக்கும்.

மாற்று வழி இல்லாமல் மேடையேறுவது

விளக்கு எப்போது மாற வேண்டும் என்ற க்யூக்களைக் குறித்துவைத்த வசனப் பிரதி ஒன்று லைட் போர்டில் இருப்பவர் கையில் கட்டாயம் இருக்கட்டும்.