வெப்கேம் முன்னாடி கரைவலை இழுக்கலாம் வாங்க

பாம்பன்ல எங்க அக்கா மவன் லீவு விட்டா போன கீழ வைக்க மாட்டான், சரி எப்படியும் விளையாடத்தான போறான், உடம்ப அசைச்சு விளையாடட்டும்னு ஒரு கேம் செஞ்சேன். 2010ல வந்த கினெக்ட் (உடம்பு அசைவ பாக்குற கேம் கேமரா) மாதிரி தனி டப்பா எதுவும் வேணாம், சாதா லேப்டாப் வெப்கேம் போதும்.

கேம் என்னன்னா கரைவலை இழுக்கணும், அதாவது கடல்ல விட்ட பெரிய வலைய ரெண்டு பக்க கயித்தயும் புடிச்சு கரையிலருந்து இழுக்குறது. இழுக்க இழுக்க மடி (மீனு சேருற வலைப்பை) கரைக்கு வரும், உள்ள சூடை, நெத்திலி, காரல் எல்லாம் துள்ளும். நடுவுல சொறி (ஜெல்லிமீன்) மிதந்து வந்தா டக்குனு குந்தி எந்திரிக்கணும்.

கேம் எழுத பைத்தான் மொழிய கம்ப்யூட்டர்ல போட்டுட்டு ஓப்பன்சிவி (கேமரா படம் எடுக்க), மீடியாபைப் (படத்துல உடம்ப கண்டுபிடிக்க), பைகேம் (கேம் வரைய) மூணையும் இறக்கிக்கங்க. புத்தம்புது பைத்தான்ல மீடியாபைப் சில சமயம் ஏறாது, ஒண்ணு ரெண்டு வெர்ஷன் பழசே நல்லது. ஓப்பன்சிவி குடுக்குற படத்துல கலர் வரிசை பிஜிஆர் (நீலம், பச்சை, சிவப்பு), மீடியாபைப்புக்கு ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) வேணும், மாத்திக் குடுத்துருங்க.

மீடியாபைப் உடம்புல 33 புள்ளி பிடிக்கும். நமக்கு ஆறு போதும், இடது தோள் 11, முழங்கை 13, மணிக்கட்டு 15, இடுப்பு 23, முட்டி 25, கணுக்கால் 27. கேமராவுக்கு நேரா நின்னு இழுத்தா கை முன்ன பின்ன போறது ஒழுங்கா தெரியாது, அதனால இடது பக்கம் காட்டி சைடா நிக்கணும், கேமரா இடுப்பு உயரத்துல, ஆளு ஒரு ரெண்டு ரெண்டரை மீட்டர் தள்ளி.

இப்ப முழங்கைக் கோணம், அதாவது தோள் முழங்கை மணிக்கட்டு மூணும் சேந்து முழங்கைல வர்ற டிகிரி. அது 150க்கு மேல போனா கை நீட்டியாச்சு, 80க்கு கீழ வந்தா இழுத்தாச்சு, நீட்டி அப்புறம் இழுத்தாத்தான் ஒரு இழுவை. நான் மொதல்ல 90னு ஒரே கோடு வச்சேன், கை 89க்கும் 91க்கும் ஆடுனதுக்கே இழுவை மேல இழுவையா ஏறி பய ஒரே நிமிசத்துல வலைய கரையேத்திட்டான். இன்னொண்ணு, படத்துக்குள்ள இருக்குற புள்ளியோட இடமெல்லாம் 0லருந்து 1க்குள்ளதான் வரும், அத படத்தோட அகலம் உயரத்தால பெருக்கிட்டு கோணம் எடுங்க, இல்லன்னா கணக்கு கோணலாத்தான் வரும், நான் ரெண்டு நாளு இதுலதான் மண்டைய ஒடைச்சேன்.

மறுநாள் பாத்தா சேர்ல உக்காந்துக்கிட்டு கைய மட்டும் ஆட்டுறான்! அதுக்கு இடுப்பு முட்டி கணுக்கால் கோணம் 130க்கு மேல இருந்தாத்தான் இழுவை எண்ணனும்னு போட்டேன். சொறிக்கு குந்துறதும் அதே கோணந்தான், 110க்கு கீழ போயி திரும்ப 150 தாண்டணும்.

கைலி கட்டிட்டு நின்னா முட்டி எங்க இருக்குன்னு அதுக்கு புரியாது, மடிச்சுக் கட்டுங்க இல்ல டவுசர் போடுங்க. கடப்பக்க ஜன்னல முதுகுக்குப் பின்னாடி வச்சா வெளிச்சத்துல ஆளு கருப்பாயிடுவீங்க.

வெறுங்கைய ஆட்டுறது ஒரு எக்சர்சைஸா? பழைய சைக்கிள் டியூப ஜன்னல் கம்பில கட்டி அத புடிச்சு இழுங்க, தோளு முதுகு ரெண்டுக்கும் வேலை வரும். நம்மூரு உப்புக்காத்துல கம்பி துரு புடிச்சிருக்கும், டியூப் வெடிச்சிருக்கும், ரெண்டையும் பாத்துட்டு கட்டுங்க, அறுந்தா மல்லாக்க விழுகணும்.

கரைவலை இழுத்துப் பழகுன மாமா ஒருத்தரு விளையாடிப் பாத்துட்டு, மடி கரைக்கு வர வர கனக்கணுமேடா, இது காலி வலையால்ல வருதுன்னாரு. அதனால மொத இருபது இழுவைக்கு வலை ரெண்டு ரெண்டு மீட்டர் வரும், அப்புறம் இழுவைக்கு அரை மீட்டர்தான்னு மாத்திட்டேன், கடைசில மூச்சு வாங்குது. மறு கயித்த யாரு இழுக்குறான்னும் கேட்டாரு. மீடியாபைப்போட பழைய போஸ் ஒரு ஆளத்தான் பாக்கும், அதோட புது போஸ் லேண்ட்மார்க்கர்ல நம் போஸஸ் (num_poses, எத்தன ஆளுங்கிறது) னு இருக்குறத 2 ஆக்குனா ரெண்டு பேரையும் பிடிக்கும், ஞாயித்துக்கெழம அதத்தான் போடப் போறேன், மறு கயித்துக்கு மாமாவயே வரச் சொல்லிருக்கேன்.