மிச்சக் கறியை ஞாபகப்படுத்த ஒரு செயலி: முதன்முதலாக வடிவமைப்பவர்களுக்கு

காலையில் சந்தைக்குப் போய் மீன் வாங்கி, வீட்டுக்கு வந்து பிரிட்ஜைத் திறந்தால்தான் நேற்றைய மீன்கறி உள்ளே இருப்பது தெரியும். திருகோணமலையில் எங்கள் வீட்டில் இது அடிக்கடி நடந்தது. பழைய கறி பின்னுக்குப் போகும், இரண்டு நாளில் குப்பை வாளிக்குப் போகும். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி தொன். அதில் 60 வீதம் வீடுகளில் வீணானது. கடைகளும் உணவகங்களும் அதற்குப் பிறகுதான். அதனால் குசினியிலிருந்தே தொடங்குவோம். கோடிங் தெரியத் தேவையில்லை.

படி 1: குப்பை வாளிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி

கணினியைத் திறக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு, எறிவதையெல்லாம் எழுதுங்கள்: என்ன, எவ்வளவு, ஏன். மூன்றாவதுதான் முக்கியம். எங்கள் கொப்பியில் அதிகம் இருந்தவை பாண், தேங்காய்ப்பால் விட்ட கறி, வாடிய கீரை. "இருந்தது தெரியாது" என்பதை எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராதது இன்னொன்று: வியாழக்கிழமை மிஞ்சிய மீன்கறி. வெள்ளிக்கிழமை வீட்டில் மரக்கறிதான், யாரும் மீனைத் தொடமாட்டார்கள். சனிக்கிழமை அதை எடுக்க ஒருவருக்கும் மனம் வராது. இதைக் கொப்பி எழுதாமல் நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

வெளிநாட்டுச் செயலிகள் சில பொதியின் பார்கோடை ஸ்கேன் பண்ணச் சொல்லும். எங்கள் வீட்டில் வீணாகும் சொதிக்கும் சோற்றுக்கும் ஏது பார்கோடு?

படி 2: ஒரே ஒரு வாக்கியம்

செயலி என்ன செய்யும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். என்னுடையது: "இரவு எடுத்து வைத்த சமைத்த சாப்பாட்டை, அடுத்த நாள் சந்தைக்குப் போகும் முன் ஞாபகப்படுத்த வேண்டும்." சமையல் குறிப்பு, புள்ளிகள், அரட்டைப் பெட்டி எல்லாம் ஆசையாக இருக்கும். முதல் பதிப்பில் வேண்டாம்.

படி 3: கடதாசியில் மூன்று திரைகள்

போன் அளவுக்கு மூன்று துண்டுக் கடதாசி வெட்டுங்கள். முதலாவதில் பெரிய படப் பொத்தான்கள்: சோறு, மீன்கறி, பால்கறி, பருப்பு, பாண். பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு ஒரு தட்டில் பதிய முடிய வேண்டும். தட்டச்சு கேட்டால் மூன்றாம் நாளே விட்டுவிடுவார்கள். இரண்டாவதில் முதலில் முடிக்க வேண்டியது மேலே வரும் பட்டியல். மூன்றாவதில் இரண்டே பொத்தான்: "சாப்பிட்டாச்சு", "எறிஞ்சாச்சு". எறிந்ததைச் சிவப்பில் காட்டிக் குற்றம் சொல்லாதீர்கள். சொன்னால் உண்மையைப் பதிய மாட்டார்கள், உங்கள் தரவும் பொய்யாகிவிடும்.

பிறகு இவற்றை ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரையலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே பொத்தானின் அகலத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

படி 4: எத்தனை நாள்?

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. செயலி தவறான நாளைச் சொன்னால் வயிறு கெடும். சமைத்த உணவை 2 மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைக்க வேண்டும். வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் 1 மணித்தியாலம்தான். எங்கள் ஊர் வெயிலுக்கு இந்த இரண்டாவது கணக்கைத்தான் எடுக்க வேண்டும். பிரிட்ஜ் 5 பாகைக்கு மேல் போகக் கூடாது. சமைத்த கறிக்கு 3 நாள் என்பது பொதுவான வழிகாட்டல். சோற்றுக்கு 1 நாள் வைத்தேன், ஏனென்றால் அதிலுள்ள சில பாக்டீரியா வித்துகள் வேகவைத்தும் சாகாது, அவை உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பால்கறிக்கும் 1 நாள்தான் வைத்தேன், அது என் சொந்தத் தீர்மானம்.

"கரண்ட் போச்சு" என்று ஒரு பொத்தானும் வையுங்கள். கதவு திறக்காத பிரிட்ஜ் சுமார் 4 மணித்தியாலம் குளிரைத் தாங்கும். அதற்கு மேல் போனால் மீன், இறைச்சி, பால்கறி எல்லாவற்றிலும் "சாப்பிட வேண்டாம்" என்று வர வேண்டும். வீணாகாமல் காப்பதைவிட ஆளைக் காப்பது முக்கியம்.

படி 5: அட்டவணையும் செயலியும்

கூகுள் ஷீட்ஸில் ஐந்து நிரல்கள்: பொருள், வைத்த நாள், எத்தனை நாள், முடிக்க வேண்டிய நாள், நிலை. நான்காவது, இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் வரும். அப்புறம் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஷீட்டைத் தெரிவு செய்தால், இந்த அட்டவணையே போனில் திறக்கும் செயலியாகிவிடும்.

படி 6: எப்போது ஞாபகப்படுத்துவது?

பழுதாகும் நேரத்தில் சொல்லிப் பயனில்லை. வாங்கும் முன்னும் சமைக்கும் முன்னும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குக் காலை 6 மணி, பின்னேரம் 5 மணி. பிட்டுக்கு மா குழைக்கும் முன் "பாண் இருக்கு" என்று தெரிந்தால், அன்று பிட்டு அவிக்க மாட்டார்கள். வியாழன் பின்னேரம் மட்டும் மீன்கறிக்குத் தனியாக ஒரு செய்தி: "இன்றைக்கே முடியுங்கோ." தொடக்கத்தில் போன் அலாரமே போதும், அது அடித்ததும் பட்டியலைப் பார்க்கலாம்.

படி 7: அயலில் ஐந்து பேர்

போனை அயலவர் கையில் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பாருங்கள். பக்கத்து வீட்டு அன்ரி "காலாவதி" என்ற சொல்லில் நின்றுவிட்டார். கடைச் சாமானுக்குத்தானே அது, என் கறிக்கு எதற்கு என்று கேட்டார். அதை "எப்ப முடிக்க வேணும்" என்று மாற்றினேன், அடுத்த நாள் அவரே பருப்பைப் பதிந்திருந்தார். ஐந்து பேரும் எங்கே தயங்கினார்கள் என்பதைக் கொப்பியில் எழுதி, மூன்றாம் படிக்குத் திரும்பி அந்தத் திரையை மட்டும் மறுபடி வரையுங்கள்.