வீட்டில் கட்டும் விமானம்: ஒயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வீடுகளின் மெயின் போர்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருக்கும். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்றால், யாராவது ஒரு புண்ணியவான் தடித்த கம்பியாகப் பார்த்து இரண்டு சுற்று சுற்றி மாட்டிவிட்டுப் போவார். அப்புறம் ஃபியூஸ் போகவே போகாது. ஒருநாள் சுவருக்குள் இருக்கும் வயர் கருகி நாற்றம் வரும்போதுதான் விஷயம் தெரியும்.

இதே வேலையை 5,000 அடி உயரத்தில் பறக்கும் ஒன்றில் செய்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் குட்டி விமானத்தைத் தன் கையாலேயே கட்டிப் பறக்கச் சட்டம் இடம் தருகிறது. பெரும்பகுதி வேலையைச் சொந்த ஆர்வத்துக்காகவோ கற்பதற்காகவோ கட்டுபவரே செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான் முக்கிய நிபந்தனை. கிட் வாங்கி, ஆண்டுக்கணக்கில் ரிவெட் அடித்து, இறக்கையைப் பொருத்தி முடித்த பிறகுதான் பெரும்பாலும் ஒயரிங் வருகிறது. அதற்குள் பொறுமை தீர்ந்திருக்கும், பணமும் தீர்ந்திருக்கும். கார் ஒயரிங் தெரிந்த கை என்ற தைரியம் மட்டும் மிச்சம் இருக்கும். சிக்கலே அந்தத் தைரியத்தில்தான். கார் புகைந்தால் ஓரங்கட்டிவிட்டு இறங்கிக்கொள்ளலாம்.

நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகளுக்கு ஒரே வேர்தான்: ஃபியூஸ் ரேடியோவைக் காப்பாற்றுகிறது என்ற நினைப்பு. ரேடியோ தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஃபியூஸ் இருப்பது வயருக்காக. எங்காவது ஷார்ட் ஆனால், வயர் சிவந்து பக்கத்து வயர்களையும் எரிப்பதற்கு முன் மின்சாரத்தை வெட்டுவதுதான் அதன் வேலை. அதனால் ஃபியூஸின் அளவை வயரின் தடிமனைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 22 கேஜ் வயருக்கு 5 ஆம்ப், 20 கேஜுக்கு 7, 18 கேஜுக்கு 10 என்பது விமானம் கட்டுகிறவர்களிடையே பழகிப்போன கணக்கு (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்). லேண்டிங் லைட் போட்டதும் பிரேக்கர் (ஃபியூஸின் வேலையைச் செய்யும், திரும்ப அமுக்கக்கூடிய ஸ்விட்ச்) விழுகிறது என்றால், 10 ஆம்ப் பிரேக்கரைக் கழற்றி 15 போடுவது அந்தப் புண்ணியவான் செய்த அதே வேலை. ஏன் விழுகிறது என்று தேட வேண்டும். நிஜமாகவே அந்த விளக்குக்கு அவ்வளவு மின்சாரம் வேண்டுமென்றால் வயரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று இறக்கை நுனியில், விளக்குக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைப்பார்கள். அப்படியானால் பஸ் பாரிலிருந்து (எல்லா வயர்களுக்கும் மின்சாரம் பிரியும் உலோகப் பட்டை) விளக்கு வரை போகும் மூன்று நான்கு மீட்டர் வயருக்குக் காவலே இல்லை. வழியில் இறக்கையின் உள்சட்டமான ஒரு ரிப்பின் விளிம்பு உரசி ஷார்ட் ஆனால், நுனியில் இருக்கும் ஃபியூஸுக்குச் சேதியே போகாது. மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில்தான் காவல்காரன் நிற்க வேண்டும்.

இந்த இடத்தில் அனுபவசாலிகளும் சறுக்குவது ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிப் பக்கம் போகும் தடித்த வயரில். மின்சாரத்தைத் தயாரிப்பது ஆல்டர்னேட்டர்தானே, அந்தப் பக்கம் ஃபியூஸ் வைத்தால் சரி என்று தோன்றும். ஆனால் அந்த வயர் இன்ஜின் மேல் உரசி ஷார்ட் ஆனால், ஆபத்து எதிர்ப் பக்கமிருந்து வரும். 60 ஆம்ப் ஆல்டர்னேட்டரால் அதன் அளவைவிட ரொம்ப அதிகமாகக் கொடுக்க முடியாது. பேட்டரிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நூற்றுக்கணக்கான ஆம்பை ஒரே மூச்சில் கொட்டிவிடும். ஆகவே பாதுகாப்பு பேட்டரிப் பக்கத்து முனையில் இருக்க வேண்டும். அந்த வயரில் சரியாக 60 ஆம்ப் பிரேக்கர் போடுவதும் தவறு. குளிர்ந்த ஆல்டர்னேட்டர் கொஞ்ச நேரம் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகவே கொடுக்கும். காரணமே இல்லாமல் பிரேக்கர் விழும். விழுந்த அந்த நொடியில் மின்னழுத்தம் எகிறும். கொஞ்சம் பெரிய அளவில், மெதுவாக உருகும் வகை ஃபியூஸான லிமிட்டரே இங்கே பொருத்தம்.

ஸ்டார்ட்டருக்குப் போகும் வயரில் மட்டும் வழக்கமாக ஃபியூஸே இருக்காது. அதை மறதி என்று நினைத்துவிட வேண்டாம். வயரைக் குட்டையாக வைப்பதும், இறுகக் கட்டுவதும், பேட்டரிக்கு ஒட்டினாற்போல் கான்டாக்டர் (பெரிய மின்சாரத்தை இணைத்து வெட்டும் ஸ்விட்ச்) வைப்பதுமே அங்கே பாதுகாப்பு.

விழுந்த பிரேக்கரைத் திரும்ப அமுக்கும் பழக்கத்துக்கு வருவோம். 2007 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் புளோரிடாவில், சான்ஃபோர்டு என்ற ஊரில் செஸ்னா 310 என்ற சிறு விமானம் ஒன்று, பறக்கும்போதே காக்பிட்டில் புகை வந்து, வீடுகளின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 2 பேரும் தரையில் 3 பேரும் இறந்தார்கள். அது தொழிற்சாலையில் தயாரான விமானம்தான், ஆனால் பாடம் எல்லோருக்கும் பொது. முந்தின நாள் அதை ஓட்டிய விமானி வானிலை ரேடார் கெட்டதையும் கருகல் வாசனையையும் கவனித்து, அதன் பிரேக்கரை இழுத்துவிட்டிருந்தார். வாசனை நின்றது. கோளாறை எழுதியும் வைத்தார். பழுது பார்க்காமலே விமானம் மறுநாள் கிளம்பியது. அந்தப் பிரேக்கரை யாரோ திரும்ப அமுக்கியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் கணிப்பு. பிரேக்கர் தானாக விழுந்தாலும் சரி, ஒருவர் இழுத்துவிட்டதாக இருந்தாலும் சரி, காரணம் தெரியும் வரை அதைத் தொடக்கூடாது. இதனால்தான் கையே எட்டாத இடத்தில் ஃபியூஸ் பெட்டியை வைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பறக்கும்போது மாற்ற முடியாத ஃபியூஸ், மாற்றத் தூண்டாத ஃபியூஸ்.

கிரவுண்டை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியை, யாரும் மதிப்பதில்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து ஃபயர்வாலுக்கு (இன்ஜினையும் காக்பிட்டையும் பிரிக்கும் தடுப்பு) தடித்த பின்னல் பட்டை ஒன்று போக வேண்டும். அதை மறந்தாலோ, பெயிண்டின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தாலோ, ஸ்டார்ட்டரின் நூற்றுக்கணக்கான ஆம்ப் வேறு வழி தேடும். கிடைக்கும் வழி பெரும்பாலும் த்ராட்டில் கேபிள்தான். ஒருமுறை ஒரு ஹேங்கரில் இன்ஜின் சுணங்கிச் சுணங்கிச் சுற்றியது. பேட்டரி போய்விட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே காக்பிட்டில் இருந்தவர் கையை உதறினார். த்ராட்டில் கேபிளின் உறை இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டிருக்கிறது. இன்னும் நாலு முறை முயன்றிருந்தால் கேபிள் உள்ளுக்குள் பற்றிக்கொண்டு இறுகியிருக்கும். ஃபைபர் கிளாஸ் உடம்பாக இருந்தால் உடம்பு வழியே கிரவுண்ட் என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் திரும்பும் வயர் தனியாகப் போய், எல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டும். அங்கங்கே கிரவுண்ட் கொடுத்தால் ஹெட்செட்டில் ஆல்டர்னேட்டர் விசிலடிக்கும்.

வயர் வாங்கும் இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். கார் கடையில் கிடைக்கும் பிவிசி வயர் எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். கண்ணையும் தொண்டையையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். விமானங்களுக்கான டெஃப்செல் வயர் 150 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், எளிதில் பற்றாது. முனையைச் சால்டர் வைத்து முடிப்பதும் கார்ப் பழக்கம்தான். உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரைக் குச்சியாக்கிவிடும். குச்சி முடிந்து வயர் வளையத் தொடங்கும் அந்த எல்லையில்தான் அதிர்வு தினமும் அடிக்கும், இழைகள் ஒவ்வொன்றாக அறும். வயர் முனையில் அமுக்கி மாட்டும் உலோகத் துண்டுக்கு லக் என்று பெயர். நல்ல லக் வயரின் இழைகளை ஒரு இடத்திலும் இன்சுலேஷனை இன்னொரு இடத்திலுமாகப் பிடிக்கும். லக்கை அமுக்கி மாட்ட (இதுதான் கிரிம்ப்), முழுதாக அமுங்கும்வரை விடாத ராட்செட் கிரிம்ப்பர்தான் வேண்டும், சாதாக் குறடு போதாது. கிரிம்ப் செய்ததும் பிடித்து நன்றாக இழுங்கள். கையோடு வந்தால் நல்லதுதான், தரையிலேயே வந்துவிட்டதே.

வயர் போகும் பாதையில், பெட்ரோல் குழாயும் வயரும் பக்கத்தில் போக நேர்ந்தால் வயர் மேலே இருக்க வேண்டும். ஒழுகினால் பெட்ரோல் கீழே போகும், வயர் மேல் சொட்டாது. ஃபயர்வால் துளையில் வயர் உரசாமல் காக்கும் வளையமான கிராமெட்டும் தீ தாங்கும் பூச்சும் கட்டாயம். ஸ்விட்சில் 250 வோல்ட் ஏசி, 10 ஆம்ப் என்று எழுதியிருப்பதை விமானத்தின் டிசிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டிசியில் பொறி சீக்கிரம் அணையாது.

எல்லாவற்றையும்விட அதிகம் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. காக்பிட்டில் புகை வந்தால் முதலில், மொத்த மின்சாரத்தையும் வெட்டும் மாஸ்டர் ஸ்விட்சை அணைப்பார்கள். மேக்னெட்டோ உள்ள இன்ஜின் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும், அதற்குத் தேவையான மின்சாரத்தை அதுவே செய்துகொள்கிறது. பேட்டரியை நம்பும் எலக்ட்ரானிக் இக்னிஷனையோ எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனையோ மாஸ்டருக்குப் பின்னால் மாட்டியிருந்தால், அந்த ஸ்விட்சோடு இன்ஜினும் நிற்கும். புகைக்கும் மௌனத்துக்கும் நடுவே தேர்ந்தெடுக்கும் நிலைக்கு விமானியைத் தள்ளுவது அந்த ஒயரிங். இக்னிஷனுக்குத் தனி வழி, தனி ஃபியூஸ், முடிந்தால் தனி பேட்டரி கொடுங்கள். ஃபியூயல் பம்ப்பையும் ஜிபிஎஸ்ஸையும் ஒரே பிரேக்கரில் கோர்க்காதீர்கள். முதல் பறத்தலுக்கு முன், விமானத்தைக் கட்டிப்போட்டு, இன்ஜின் ஓடும்போது மாஸ்டரை அணையுங்கள். எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதி, அதைச் செக்லிஸ்ட்டிலும் ஒட்டி வையுங்கள்.