ஆறு மாதம் ஊரில் இல்லையா? கார் பேட்டரியை இப்படி விட்டுப் போங்கள்

எங்கள் மடிப்பாக்கம் அடுக்ககத்தில் பாதி வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்காவில்தான் இருக்கிறார்கள். பேரனைப் பார்க்கப் போனால் ஆறு மாதம். கேஸை மூடுவார்கள், ஃப்ரிட்ஜைக் காலி செய்வார்கள், பால் பாக்கெட்டை நிறுத்துவார்கள். காருக்கு மட்டும் துணி உறையைப் போட்டுவிட்டு, சாவியை வாட்ச்மேனிடமோ என்னிடமோ கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க சார், போதும்" என்பார்கள்.

போதாது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பவர் ரூம் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2 வோல்ட் செல்கள் 24 வரிசையாக நிற்கும், மொத்தம் 48 வோல்ட். கரண்ட் போனால்தான் அவற்றுக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் சும்மாதான் நிற்கும். ஆனால் சார்ஜர் எப்போதும் கூடவே ஓடி அவற்றை நிரம்பிய நிலையிலேயே வைத்திருக்கும். அதனால் ஆண்டுக்கணக்கில் உழைத்தன. கார் பேட்டரியும் அதே ஈய-அமில ஜாதிதான். சும்மா இருப்பதால் அது கெடாது. சார்ஜ் இறங்கிய நிலையில் சும்மா இருந்தால்தான் கெடும். உள்ளே தகடுகளில் படியும் ஈய சல்பேட், சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டிப்படும். அப்புறம் எந்த சார்ஜர் போட்டாலும் முழுதாகத் திரும்பாது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

இப்போது ஐந்து நிமிடக் கணக்குக்கு வருவோம். பூட்டி நிற்கிற காரும் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும்: கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்குக் காத்திருக்கும் ரிசீவர், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவு. சாதாரணமாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை. 40 என்று வையுங்கள். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் அளவு), வாரத்துக்கு 7. சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி. வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் எவ்வளவு திரும்ப ஏறும்? நின்ற இடத்தில் ஐடிலிங்கில் டைனமோ முழு பலத்தோடு சுற்றாது. தாராளமாக 20 ஆம்பியர் ஏறுகிறது என்று வைத்தாலும், ஐந்து நிமிடத்துக்கு ஒன்றே முக்காலைத் தாண்டாது. செலவு 7, வரவு 2-க்கும் கீழே. நாலு வாரத்தில் பேட்டரி பாதிக்கும் கீழே போய்விடும். வாட்ச்மேன் உள்ளே உட்கார்ந்து ஏசி போட்டுக்கொண்டு போன் பார்த்தால் (யாரையும் குறை சொல்லவில்லை, சென்னை வெயில் அப்படி) அந்தக் கொஞ்சமும் ஏறாது. இன்ஜின் சரியாகச் சூடாகாததால் சைலன்ஸருக்குள் ஈரம் தங்குவது தனிக் கதை.

அதற்குப் பதிலாக என்ன செய்வது என்பது எத்தனை நாள் போகிறீர்கள், சாவி யார் கையில் இருக்கிறது, எந்த மாதத்தில் போகிறீர்கள் என்ற மூன்றைப் பொறுத்தது.

இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடுவீர்கள், பேட்டரியும் ஓரளவு புதிது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். உள் விளக்கு, டிக்கி விளக்கு அணைந்திருக்கிறதா, கதவெல்லாம் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு 5 வாட் பல்பு எரிந்துகொண்டே இருந்தால் நாளைக்கு 10 ஆம்பியர்-மணி போகும். மூன்று நாள் தாங்குவதே பெரிது.

ஒரு மாதம், இரண்டு மாதம் என்றால், சாவி வைத்திருப்பவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேளுங்கள். தெரிந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. பத்து நாளைக்கு ஒரு முறை, முக்கால் மணி நேரம், தடையில்லாத ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துக்கு 200 அடி ரேடியல் ரோடு போய் வந்தால் சரியாக இருக்கும். காய்கறிக் கடைக்குப் போய் வருவது கணக்கில் சேராது. பேட்டரியோடு டயர், பிரேக், ஏசி எல்லாவற்றுக்கும் நல்லது. இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் போகும் முன் பார்த்துவிடுங்கள்.

ஓட்ட ஆளில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுவதுதான் வழி. வண்டியிலிருந்து தூக்க வேண்டியதில்லை, மைனஸ் டெர்மினலை மட்டும் விடுவித்தால் போதும். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பலரும் விடுவது அதைத்தான். பேட்டரியை நிறைத்துவிட்டுக் கழற்றுங்கள். அரை சார்ஜில் கழற்றி வைத்தால் அரை சார்ஜிலேயே கிடந்து கெட்டிப்படும். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை ஒரு சுற்றுப் போய் வாருங்கள், அல்லது பேட்டரிக் கடையில் ஒரு ராத்திரி மெதுவாகச் சார்ஜ் போடச் சொல்லுங்கள். கடை வழிதான் முழுதாக நிறைக்கும்.

நிறைந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு மல்டிமீட்டர் வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாதாரண மீட்டர் போதும். வண்டியை நிறுத்திய உடனே அளந்தால் பொய் சொல்லும். ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் அளங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் காட்டினால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி, உடனே சார்ஜ் ஏற்ற வேண்டிய நிலை. 12-க்கு வந்துவிட்டால் கால்தான் மிச்சம். பார்க்க அரை வோல்ட் வித்தியாசம்தானே என்று தோன்றும். அந்த அரை வோல்ட்டுக்குள்தான் எல்லாமே நடக்கிறது. பேட்டரி மேல் இருக்கிற பச்சைக் கண்ணை நம்பி இருக்காதீர்கள். உள்ளே ஆறு செல். அந்தக் கண் பார்ப்பது ஒன்றை மட்டும்.

கழற்றும் முறை. கண்ணாடிகளை ஏற்றுங்கள். சாவி இல்லாமல் பட்டன் அழுத்தித் திறக்கிற வண்டியானால், ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்து டிரைவர் கதவைத் திறந்து பாருங்கள். வருஷக்கணக்கில் தொடாத பூட்டு இறுகிக் கிடக்கலாம். பேட்டரி இல்லாதபோது உள்ளே போக அது ஒன்றுதான் வழி, பானெட் லிவரும் உள்ளேதான் இருக்கிறது. பேட்டரி டிக்கியில் இருக்கும் வண்டி, அல்லது டிக்கி பட்டனில் மட்டும் திறக்கும் வண்டி என்றால் கழற்றும் முன் மேனுவலைப் படித்துவிடுங்கள். பிறகு இக்னிஷனை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, பெரும்பாலான வண்டிகளில் 10 நம்பர் ஸ்பேனரால் மைனஸ் கிளாம்பைத் தளர்த்தித் தூக்குங்கள். மைனஸ்தான் முதலில். பாடி முழுக்க மைனஸோடு சேர்ந்திருப்பதால், பிளஸ்ஸைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். கழற்றிய கிளாம்ப் மறுபடி போய்த் தொடாமல் ஒரு பழைய துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். டெர்மினலில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால், ஆப்ப சோடா கலந்த வெந்நீரைத் தொட்டுத் தேய்த்துத் துடைத்துவிட்டு, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். திரும்பி வந்து மாட்டும்போது கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருக்கும், சில வண்டிகளில் ஆட்டோ பவர் விண்டோவை மறுபடி பழக்க வேண்டும், சில பழைய ஸ்டீரியோ கோட் கேட்கும். அவ்வளவுதான் நஷ்டம்.

இப்படிக் கழற்றினாலும் பேட்டரி தனக்குத்தானே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெப்பம் கூடக் கூட அது வேகமாக நடக்கும். அதனால் சித்திரை, வைகாசியில் நிற்கிற வண்டிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். மூன்று மாதம் வரை நல்ல பேட்டரி தாங்கிவிடும். ஆறு மாதம் என்றால் நடுவில் ஒரு முறை யாராவது அளந்து, 12.4-க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் போட்டு வைக்க வேண்டும். பேட்டரிக்கு நாலு வயது ஆகிவிட்டதென்றால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

எந்த மாதம் போகிறீர்கள் என்று கேட்டேன் இல்லையா? எங்கள் ஏரியாவில் அதுதான் பெரிய கேள்வி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் நின்ற வண்டிகள் என்ன ஆயின என்று எல்லாரும் பார்த்தோம். அதனால்தான் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனே ஜனங்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நீங்கள் ஊரில் இல்லையென்றால், காரை ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்த முடிய வேண்டும். பேட்டரி செத்த வண்டியைத் தள்ளலாமே என்பீர்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் பல மாடல்களில் கரண்ட் இல்லாமல் லிவர் பார்க்கிங்கிலிருந்து நகராது. எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் இருந்தால் அது விடவே விடாது. எனவே மழைக்காலத்தில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்கள், சாவியோடு ஸ்பேனரையும் ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அவரைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு தடவை மாட்டிக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் இடுப்பளவு தண்ணீரில், இருட்டில் முதன்முறையாகக் கற்றுக்கொள்கிற வேலை இல்லை. மேட்டுப் பகுதியில் உறவினர் வீடு இருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போவது இன்னும் உத்தமம்.

பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இருக்கிற பாக்கியசாலிகள் இத்தனையும் செய்ய வேண்டாம். பேட்டரி நிறைந்ததும் தானாகவே குறைந்து, அந்த அளவிலேயே பிடித்து வைக்கிற ஆட்டோமேட்டிக் சார்ஜர் கிடைக்கிறது, மாட்டிவிட்டுப் போகலாம். எக்ஸ்சேஞ்சில் நாங்கள் செய்தது இதைத்தான். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி (சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்து, கிளம்பும்போது தானாக ஸ்டார்ட் ஆவது) உள்ள வண்டியானால், அதன் பேட்டரி வகைக்கு ஏற்ற சார்ஜரா என்று பார்த்து வாங்குங்கள். தானாக நிற்காத பழைய டிரான்ஸ்ஃபார்மர் ரகத்தை மாட்டிவிட்டு ஊருக்குப் போவது ஆபத்து. அது பேட்டரிக்குள் இருக்கிற தண்ணீரை வற்ற வைக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பூட்டிய கராஜில் ஒரு பொறி போதும். பொது மீட்டரிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் அசோசியேஷன் செகரட்டரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கரண்ட் செலவு அற்பம், சண்டை அற்பமாக இருக்காது. சோலார் தட்டு வாங்கி டேஷ்போர்டில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். கூரைக்குக் கீழே நிற்கிற வண்டிக்கு அதனால் பயன் இல்லை. வெயிலில் நிற்கிற வண்டியிலும், இக்னிஷன் அணைந்தால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் அணைந்துவிடும் மாடல் என்றால் ஏறாது.

பேட்டரியை மாட்டியபடியே விட்டுப் போகிறவர்கள், பின்னால் சேர்த்த சாமான்களைப் பிடுங்கிவிடுங்கள். நேராக வயரிங் கொடுத்த டேஷ்கேம் பார்க்கிங் மோடில் இரவு பகலாக விழித்திருக்கும். ஜிபிஎஸ் டிராக்கர், ஸ்டீரிங்குக்குக் கீழே செருகும் டாங்கிள் எல்லாம் அதே ரகம். போனில் ஆப் உள்ள வண்டியானால், நியூ ஜெர்ஸியில் உட்கார்ந்து தினமும் அதைத் திறந்து பார்க்காதீர்கள். நீங்கள் கேட்கும்போதெல்லாம் வண்டி விழித்துப் பதில் சொல்ல வேண்டும். பட்டன் ஸ்டார்ட் சாவியை வண்டிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டி வைப்பதும் வேண்டாம், அதுவும் வண்டியை விழிக்க வைக்கலாம். ஃபாஸ்டேக்கைப் பிய்க்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், அது வண்டியிலிருந்து கரண்ட் எடுப்பதே இல்லை. மின்சார கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கதவையும் கம்ப்யூட்டரையும் எழுப்புவது பெரும்பாலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரிதான்.

திரும்பி வந்ததும் ஆசையாகச் சாவியைத் திருகாதீர்கள். முதலில் பானெட்டைத் திறந்து எலி எதையாவது கடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வோல்ட்டை அளந்து, பிளஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மைனஸை மாட்டுங்கள். 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்ட பிறகுதான் ஸ்டார்ட். செல்ஃப் 'டிக் டிக்' என்று மட்டும் சத்தம் போட்டால் மறுபடி மறுபடி அடிக்க வேண்டாம். பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போடுவதானால் வரிசை இது: சிவப்பின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ்ஸில்; அதே சிவப்பின் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்; கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில்; கறுப்பின் மறுமுனை செத்த பேட்டரியில் வேண்டாம், பேட்டரி செத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்பில். பேட்டரிக்குப் பக்கத்தில் பொறி பறக்காமல் இருக்கத்தான் இது. ஸ்டார்ட் ஆன பிறகு எதிர் வரிசையில் கழற்றுங்கள். டைனமோவை நம்பி அப்படியே விடாமல் அன்றைக்கே சார்ஜரில் போடுங்கள்.

ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டும் மறுநாள் 12.4-ஐத் தொடவில்லை என்றால் புதிது வாங்க வேண்டியதுதான். பழைய பேட்டரியைக் கையோடு எடுத்துப் போங்கள், உள்ளே இருக்கிற ஈயத்துக்குக் கடைக்காரர் விலை கழிப்பார். அவராகச் சொல்லாவிட்டாலும் கேளுங்கள். புதியதில் தயாரிப்புத் தேதியைப் பார்த்து, மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக எடுங்கள். அலமாரியில் ரொம்ப நாள் கிடந்ததும் இறங்கிப் போயிருக்கும். மீட்டரைக் கையோடு கொண்டுபோய், பணம் கொடுக்கும் முன் அங்கேயே அளந்து பார்த்துவிடுங்கள்.